இரண்டு பெருமாள், ஓர் ஈரங்கொல்லி

திருச்சியில் நடந்த முதல் சர்வர் இடமாற்றம் படுதோல்வி. அனுப்பியவர் ராமர். புறப்பட்ட இடம் அயோத்தி, போய்ச் சேரவேண்டிய இடம் இலங்கை, பொறுப்பாளர் விபீஷணன். சரக்கு: ரங்க விமானம், உள்ளே பள்ளிகொண்ட பெருமாளோடு சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை, வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. கையேட்டில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி இருந்தால் அந்த வரிதான் மீறப்படும் என்பது எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரியும்.

விபீஷணனுக்குக் காவேரியைக் கண்டதும் குளிக்கத் தோன்றிவிட்டது. தப்பில்லை, அப்போதெல்லாம் அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற ஒரு பையனிடம் "கொஞ்சம் பிடிச்சுக்கோ தம்பி, இதோ வந்துட்டேன்" என்று விமானத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினான். 'இதோ' என்றால் எத்தனை நாழிகை என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பையன் பார்த்தான், கை வலித்தது, கீழே வைத்துவிட்டான். விமானம் வேர்விட்டுவிட்டது. ஈரத் துணியோடு ஓடிவந்த விபீஷணன் பையனைத் துரத்த, பையன் மலைக்கோட்டைப் பாறையில் ஏறி உச்சியில் உட்கார, இவன் போய் நெற்றியில் ஒரு குட்டு வைக்க, அப்புறம்தான் தெரிந்தது அது பிள்ளையார் என்று. 83 மீட்டர் உயரப் பாறையின் மேல் அந்தத் தழும்போடு இன்னமும் உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டம் விழுந்தால் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டுக் குட்டுகிற மரபு அன்றைக்குத் தொடங்கியது. நெற்றி வீங்கியதே தவிர விமானம் ஓர் அங்குலம் நகரவில்லை.

பெருமாள் ஒரு சமாதானம் சொன்னார்: நான் இங்கேயே இருக்கிறேன், ஆனால் உன் ஊரைப் பார்த்தபடி இருக்கிறேன். அதனால்தான் ஸ்ரீரங்கத்தில் அவர் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். இலங்கைக்கு சர்வர் கிடைக்கவில்லை, ரிமோட் ஆக்சஸ் கிடைத்தது.

கவனியுங்கள், விபீஷணன் வராமல் இல்லை. வந்தான், லேட்டாக வந்தான். ரியல்டைம் சிஸ்டம் என்று நாங்கள் கட்டுகிற சமாசாரத்தின் முழுச் சிக்கலும் இதுதான். சரியான விடை நேரம் தப்பி வந்தால் அது தப்பான விடை. காரின் ஏர்பேக் மோதலுக்கு ஒரு நிமிஷம் கழித்து மிகச் சரியாக விரிந்து என்ன பிரயோஜனம்? பையன் தரப்பிலும் நியாயம் உண்டு. குளிக்கப் போனவன் சாவகாசமாகக் குளிக்கிறானா, முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டதா என்று கரையில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? மௌனம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1985-ல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் என்று மூன்று பேர் இதைக் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். செய்தி வந்துசேர இவ்வளவு நேரம்தான் என்ற உச்சவரம்பு இல்லாத இடத்தில், கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் விழக்கூடும் என்றாலே போதும், எல்லாரும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்துதீருவார்கள் என்று எந்த வழிமுறையாலும் உத்தரவாதம் தர முடியாது. பிள்ளையார் அதற்கு யுகக்கணக்கில் முன்னாலேயே கை வலித்துக் கீழே வைத்துவிட்டார்.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். பிழைப்பு, பல ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலையைச் சண்டையில்லாமல் செய்யும்படி பார்த்துக்கொள்வது. இந்தத் துறையின் பீஷ்மர் லெஸ்லி லாம்போர்ட். முன்பின் தெரியாத ஏதோ ஒரு கம்ப்யூட்டர் எங்கோ மண்டையைப் போட்டதால் உன் கம்ப்யூட்டர் உதவாமல் போகிறதே, அதற்குப் பெயர்தான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்று கிண்டலடித்த மனிதர். பல கம்ப்யூட்டர்கள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்று அவர் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். நேராக எழுதியிருக்கலாம். பாக்சோஸ் என்ற கிரேக்கத் தீவில் பழங்காலத்தில் ஒரு பாராளுமன்றம் இருந்ததாகவும், உறுப்பினர்கள் பாதி நாள் சபைக்கே வராமல் வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள் என்றும், அப்படியும் சட்டங்கள் குழப்பமில்லாமல் நிறைவேறியது எப்படி என்று தான் தோண்டிக் கண்டுபிடித்ததாகவும் ஒரு டூப் கதை கட்டினார். தொப்பியும் இடுப்பில் குப்பியுமாகத் தொல்பொருள் ஆய்வாளர் வேஷத்தில் போய்ச் சொற்பொழிவுகூட நிகழ்த்தினார். மதிப்பீட்டாளர்கள் சிரிக்கவில்லை, தீவுக் கதையை எடுத்துவிடச் சொன்னார்கள். மனிதர் மறுத்தார். கட்டுரை 1998-ல்தான் அச்சேறியது. இன்றைக்கு உலகத்துப் பெரிய டேட்டாபேஸ்கள் பலவற்றின் அடியில் அந்தத் தீவு இருக்கிறது.

இதை என் பெரியப்பாவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "கிரீஸ்ல இருக்கிற தீவை அவன் எதுக்குடா தேடிப் போனான்? நம்மாத்து வாசல்லயே ஒண்ணு இருக்கே. இங்க வந்திருந்தா காப்பியும் குடிச்சிருப்பான்."

யோசித்துப் பார்த்தேன். பெரியப்பா சொன்னது வெற்றிலைப் பேச்சு இல்லை.

வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவில் தீவு. பாலங்கள் வருவதற்கு முன் இரண்டிலும் வெள்ளம் வந்தால் ஊர் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். நெட்வொர்க் துண்டிப்பு எப்போதாவது வருகிற விபத்து இல்லை, வருஷா வருஷம் வருகிற ஆடி மாசம். துண்டிப்பு வந்தே தீரும், வரும்போது இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கலாம் என்று எரிக் புரூவர் 2000-ல் சொன்னார்: எல்லா இடத்திலும் ஒரே பதில் வேண்டும் என்றால் சில இடங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எல்லா இடமும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் பதில்கள் ஒத்துப்போகாது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாரும் வாயை மூடிக்கொள்கிற ஜாதி இல்லை, அதனால் இங்கே எப்போதும் இரண்டாவதுதான். எதிர்த் துருவத்துக்கும் இந்த ஊர்ப் பையன் ஒருவர் உண்டு. கீழச் சித்திரை வீதி ரங்கராஜன், நமக்கு சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். அந்த இயந்திரம் எந்த நெட்வொர்க்கோடும் பேசாது, பக்கத்து மேஜை இயந்திரத்தோடுகூடப் பேசாது. பேச்சே இல்லாவிட்டால் பேச்சு அறுந்துபோகும் பயமும் இல்லை.

கோயிலின் கட்டமைப்பைப் பாருங்கள். கருவறையில் படுத்திருக்கும் பெரிய பெருமாள் சுதையால் ஆனவர். தண்ணீர் ஊற்றித் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். தூக்க முடியாது, நகர்த்த முடியாது, ஆழம் தெரியாமல் கைவைக்க முடியாது. எங்கள் பாஷையில், எப்போதோ யாரோ எழுதிவைத்து, இன்று எவனும் தொடப் பயப்படுகிற மெயின் டேட்டாபேஸ். அவருக்கு முன்னால் உற்சவர், அழகிய மணவாளன். உலோகத் திருமேனி. வீதியில் வருவது, மண்டபத்தில் உட்காருவது, ஆற்றைக் கடந்து உறையூர் போவது எல்லாம் இவர். ஆகமக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. பலிக்கு ஒரு மூர்த்தி, ஸ்நபனத்துக்கு ஒரு மூர்த்தி என்று வேலையைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் முன்பு எங்கள் அலுவலகத்தில் மைக்ரோ சர்வீஸ் என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மூன்று நாள் விளக்கியது இதைத்தான்.

மடப்பள்ளி முழுக்க முழுக்க ரியல்டைம். தினப்படித் தளிகை வேளை தவறக் கூடாது, நடுவில் உற்சவம், இதற்கிடையில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு மந்திரி. 1973-ல் லியூ, லேலண்ட் என்று இரண்டு பேர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: அடிக்கடி வருகிற வேலைக்கு முன்னுரிமை கொடு, மொத்தச் சுமை 69 சதவீதத்துக்குள் இருந்தால், எத்தனை வேலை வந்தாலும் எதுவும் நேரம் தப்பாது என்பது உறுதி. அதாவது மடப்பள்ளியில் நூற்றுக்கு முப்பது பங்கு நேரம் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது சோம்பல் இல்லை, உத்தரவாதம். இதை எங்கள் மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். தூண் எங்கே என்று கேட்டார்.

இந்த அமைப்பைச் சீர்திருத்திய தலைமைப் பொறியாளர் ராமானுஜர். அவர் வந்தபோது கோயிலில் ஒரு பெரிய ஓட்டை: சாவி முழுக்க ஒருவர் கையில். பெரிய கோயில் நம்பி. அவர் திறந்தால் திறக்கும், அவருக்கு ஜுரம் வந்தால் பெருமாளுக்கும் ஜுரம். சாவி என்றதும் பெரியப்பா உற்சாகமாகிவிட்டார். ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்குமாம், இரண்டையும் கம்பியால் பிணைத்திருப்பார்களாம். உள்ளே இரும்பு உருண்டைகள். ஒரு பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துவிட்டால் அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்ப விழும்வரை இன்னோர் உருண்டை எந்தப் பக்கமும் வெளியே வராது. பிரம்பு வளையத்தின் தோல்பையில் அதைப் போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கிப் பிடிக்க, டிரைவர் ஓடும் வண்டியிலிருந்து கையை விட்டு வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். "உருண்டை கையில இல்லேன்னா வைஸ்ராய் உக்காந்திருந்தாலும் வண்டி நகராதுடா." ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட அழகான ஏற்பாடு நான் பார்த்ததில்லை. வம்பு ஒன்றுதான், உருண்டை வைத்திருப்பவர் தர மாட்டேன் என்றால்?

ராமானுஜர் பூட்டை உடைக்கவில்லை. கூரத்தாழ்வானை நம்பியிடம் அனுப்பினார். கூரத்தாழ்வான் பொறுமையாகப் பேசிப் பேசி, கடைசியில் நம்பியே சீடராகித் திருவரங்கத்தமுதனார் ஆனார், சாவி கைமாறியது. அப்புறம் ராமானுஜர் ஊழியத்தைப் பத்துக் கொத்தாகப் பிரித்தார். யாருக்கு என்ன கைங்கரியம், யார் இல்லாவிட்டால் எது நிற்கக் கூடாது என்று வரையறை. பழைய பூஜை முறையை மாற்றிப் பாஞ்சராத்திரம் கொண்டுவந்ததாகவும் கோயிலொழுகு சொல்லும். ஓடுகிற சிஸ்டத்தில் புரோட்டோகாலை மாற்றினால் பழைய ஆட்கள் எப்படி வரவேற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலொழுகு என்பது கோயிலின் வரலாற்றுப் பதிவு. ஒழுகு என்றால் பதிவேடு, அதாவது லாக். எல்லா லாகையும் போல, பல கைகள் பல காலத்தில் எழுதிச் சேர்த்தது, எல்லாம் நன்றாக ஓடும்போது யாரும் புரட்டிப் பார்க்காதது.

1311-ல் மாலிக் காபூர் படையெடுப்பு. 1323-ல் உலூக் கான், பிற்பாடு முகம்மது பின் துக்ளக் என்று டில்லியில் உட்கார்ந்தவர். இரண்டாவது படை வருகிற சமயத்தில் அழகிய மணவாளன் கொள்ளிடக் கரையில் பன்றியாழ்வான் சந்நிதியில் உற்சவத்தில் இருக்கிறார். படை வருகிறது என்று செய்தி. ஸ்தலத்தார் கூடினார்கள். போகலாம் என்று நாலு பேர், உற்சவத்தை நடுவில் நிறுத்துவதாவது என்று நாலு பேர். முடிவு வரவில்லை. சரி, திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று பெருமாள் முன்னால் போட்டார்கள். கிளம்பச் சொல்லி வரவில்லை.

சீட்டுப் போட்டதைச் சிரிக்க வேண்டாம். மேலே சொன்ன மூன்று பேர் 1985-ல் போட்ட முட்டுக்கட்டையிலிருந்து தப்பிக்க இருக்கும் வழிகளில் ஒன்றே காசு சுண்டுவதுதான். பென்-ஓர் என்பவர் 1983-லேயே அப்படி ஒரு முறையைக் காட்டியிருந்தார். 2014-ல் வெளிவந்து இன்று எல்லாரும் பயன்படுத்தும் ராஃப்ட் என்ற முறையிலும், தலைவர் விழுந்துவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் குத்துமதிப்பாக ஒரு நேரம் காத்திருந்துவிட்டு 'நான் நிற்கிறேன்' என்று கை தூக்கும். எல்லாரும் ஒரே நொடியில் தூக்கி ஓட்டுச் சிதறாமல் இருக்கத்தான் அந்தக் குலுக்கல். ஆனால் இது யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சரி. படை சமயபுரம் தாண்டிவிட்டதா என்பதற்குச் சீட்டு உதவாது, எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

படை சமயபுரத்தைத் தாண்டிவிட்டது. இனிமேல் சீட்டெல்லாம் இல்லை. வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியார் உற்சவரையும் நாச்சிமார்களையும் ஏளப்பண்ணிக்கொண்டு, கொஞ்சம் பேரோடு தெற்கே கிளம்பிவிட்டார். கூட்டம் கலவரப்படக் கூடாதென்று திரையைப் போட்டு, பெருமாள் உள்ளே இருக்கிறார் என்கிற மாதிரியே உற்சவத்தை நடத்தினார்கள். நகர்த்த முடியாத மூலவருக்கு முன்னால் கல்திரை, அதாவது சுவர் எழுப்பினார்கள். மெயின் டேட்டாபேஸை அப்படியே மூடி சீல் வைத்தாயிற்று. நகரக்கூடியது நகர்ந்தாயிற்று.

திரைக்கு வெளியே இருந்தவர்களுக்குத்தான் எதுவும் தெரியாது. பன்னீராயிரம் தலைகள் விழுந்ததாக மரபு சொல்கிறது. அந்தக் கதையில் எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

இறந்தவர்களில் சுதர்சன சூரியும் ஒருவர். ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு அவர் எழுதிய சுருதப்பிரகாசிகை என்ற உரையின் சுவடியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வேதாந்த தேசிகர் காப்பாற்றினார். பிணங்களோடு பிணமாக இரவு முழுக்கக் கிடந்து, விடிந்ததும் மேற்கே நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. ஆக, திருமேனி தெற்கே ஒரு வழி, சுவடி மேற்கே இன்னொரு வழி. இரண்டு பேக்கப்பையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பி, அந்த வண்டி கவிழ்ந்த அலுவலகங்களை எனக்குத் தெரியும்.

பிள்ளை லோகாசாரியார் ஜோதிஷ்குடிவரை போய்ச் சேர்ந்து அங்கேயே காலமானார். மதுரை யானைமலைப் பக்கத்துக் கொடிக்குளம்தான் அது என்பார்கள். பெருமாள் அங்கிருந்து திருமாலிருஞ்சோலை, அப்புறம் கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராகப் போனார். திருமலையில் அவர் தங்கிய இடம் என்று இன்றும் ரங்கநாயகுல மண்டபத்தைக் காட்டுகிறார்கள். கடைசியில் விஜயநகரத்துத் தளபதி கோபணார் அவரைச் செஞ்சிப் பக்கம் சிங்கபுரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கத்தில் திரும்பச் சேர்த்தார். கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. சக வருஷம் 1293, நம் கணக்கில் 1371.

நாற்பத்தெட்டு வருஷம் டவுன்டைம். எங்கள் வியாபாரத்தில் ஐந்து ஒன்பது என்று ஒரு பீற்றல் உண்டு. 99.999 சதவீதம் ஓடும், வருஷத்துக்கு ஐந்தேகால் நிமிஷம்தான் நிற்கும் என்று பொருள். நாற்பத்தெட்டு வருஷத்தை அதற்குள் அடக்க வேண்டுமானால் கோயில் மொத்தம் 48 லட்சம் வருஷம் ஓட வேண்டும். திரேதா யுகத்துக் கடைசியில் விபீஷணன் விமானத்தை விட்டுப் போனான் என்று பஞ்சாங்கப்படி கணக்குப் போட்டால், துவாபரம் 8,64,000, கலியில் இதுவரை ஐயாயிரத்துச் சொச்சம், எட்டரை லட்சத்துச் சில்லறைதான் தேறுகிறது. ஐந்து ஒன்பது வராது. நாலு ஒன்பதுக்கு 4,80,000 போதும். அது தாராளமாக வரும். ஒப்பந்தத்தில் நாலு ஒன்பது என்று போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஊர் இதை டவுன்டைம் என்றே ஒப்புக்கொள்ளாது. பெருமாள் வரக் காணோம், கைங்கரியம் நிற்கக் கூடாது என்று இங்கே இன்னொரு உற்சவரைச் செய்து எழுந்தருளப் பண்ணிவிட்டார்கள். சேவை தொடர்ந்தது. ஜனங்கள் சேவித்தார்கள், தீர்த்தம் வாங்கினார்கள், பிள்ளைகள் பிறந்தன, அந்தப் பிள்ளைகளுக்கு இவர்தான் பெருமாள். இந்த நிலையில் ஒரு நாள் பழைய பெருமாள் வாசலில் வந்து நிற்கிறார்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஸ்பிளிட் பிரெயின். நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அலுவலகப் பெயர் வேண்டாம். இரண்டு ஊரில் இரண்டு டேட்டாபேஸ், ஒன்று தலைவர், ஒன்று மாற்று. ராத்திரி இரண்டு மணிக்கு நடுவில் இருந்த கேபிளை யாரோ ஜேசிபியால் கொத்திவிட்டார்கள். தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாற்றுக்கு அங்கிருந்து சத்தம் வரவில்லை. தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டி, நான்தான் தலைவர் என்று மேடையேறிவிட்டது. விடியும்வரை இரண்டும் ஆர்டர் வாங்கின. ஒரே வரிசை எண்ணில் இங்கே ஒருவருக்கு மிக்சி, அங்கே ஒருவருக்கு மெத்தை. காலையில் மேலாளர் கேட்டார், "எது நிஜம்?" நான், "ரெண்டும் நிஜம்தான் சார்." அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பேர் இருக்கும் இடத்தில் இந்த வழக்கு தீரவே தீராது. ஒருவர் நான் என்பார், மற்றவரும் நான் என்பார், ஒன்றுக்கு ஒன்று. பொய் சொல்லக்கூடிய ஆளும் நடுவில் இருந்தால் இன்னும் மோசம். லாம்போர்ட்டும் நண்பர்களும் 1982-ல் காட்டினார்களே, ஒரு துரோகியைச் சமாளிக்கவே மொத்தம் நாலு தளபதிகள் வேண்டும், மூன்று பேர் போதாது. ஸ்ரீரங்கத்தில் தளபதி ஒரே ஒருவர், கோபணார், அவர் ஒரு கட்சி. பழைய பெருமாளை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள். இருப்பவர்களுக்கோ புதியவர்தான் பழக்கம்.

அப்போது ஓர் ஈரங்கொல்லி வருகிறார். பெருமாளின் வஸ்திரங்களைத் துவைப்பவர். தொண்ணூற்று மூன்று வயது, கண் தெரியாது என்கிறது கோயிலொழுகு. மூர்த்தியைப் பார்த்து இதுதான் என்று அவரால் சொல்ல முடியாது, பார்வை இல்லை. எனக்குப் பார்க்க வேண்டாம், ஈரவாடையைக் கொடுங்கள் என்கிறார். இரண்டு பெருமாளுக்கும் திருமஞ்சனம் ஆகிறது. உடுத்தியிருந்த ஈரத் துணிகளைக் கொண்டுவருகிறார்கள். கிழவர் பிழிந்து, அந்தத் தீர்த்தத்தை வாங்கிக்கொள்கிறார். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். கஸ்தூரி மணம் என்பார்கள். எத்தனை வருஷம் அந்தத் துணியை மூக்குக்கு அருகே வைத்துக் கசக்கிப் பிழிந்த கைகள். "இவரே நம்பெருமாள்" என்கிறார்.

அன்றிலிருந்து அழகிய மணவாளனுக்கு அதுதான் பெயர். ஆழ்வார்கள் வைத்ததில்லை, ஆசாரியர்கள் வைத்ததில்லை, சலவைக்காரர் வைத்தது.

எனக்கு இதில் பிடித்தது, யாரைக் கேட்டார்கள் என்பது. அர்ச்சகரைக் கேட்கவில்லை, அவர் புதியவருக்குப் பூஜை செய்து பழகியவர். தளபதியைக் கேட்கவில்லை, அவர் கொண்டுவந்த கட்சி. இரண்டு பக்கமும் கொள்வினை கொடுப்பினை இல்லாத, கையில் மூர்த்தியோ சாவியோ பரிவட்டமோ இல்லாத மூன்றாவது ஆள். இன்றைக்கு நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். இரண்டு பெரிய டேட்டாபேஸ் இருந்தால் மூன்றாவது ஊரில் ஒரு நோஞ்சான் கம்ப்யூட்டரை உட்கார வைப்போம். அதில் வாடிக்கையாளர் விவரம் ஒரு வரி இருக்காது. வேலை ஒன்றே ஒன்று, சண்டை வந்தால் ஓட்டுப் போடுவது. அதற்குப் பெயரே சாட்சி. மிக்சி-மெத்தை சம்பவத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒன்று வாங்கிவைத்தார்கள். நான் அதற்கு ஈரங்கொல்லி என்று பெயர் வைத்தேன். டில்லிக் கிளைக்காரர்கள் அதை உச்சரிக்க முடியாமல் இன்றும் திணறுகிறார்கள்.

தோற்ற பெருமாள் என்ன ஆனார்? அதுதான் இன்னும் அழகு. நாங்களாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்திருப்போம். இங்கே அவருக்குத் திருவரங்கமாளிகையார் என்று பெயர், கருவறையிலேயே இடம், உற்சவ காலத்து யாகசாலைக்கு எழுந்தருளும் பொறுப்பு. ஆபத்தில் உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள், வெளியே அனுப்பவில்லை. மாற்று எப்போதும் சூடாகவே இருக்கிறது.

இந்தச் சலவைக்காரர் விவகாரம் 1371-ல் நடந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். கோயிலொழுகைப் புரட்டினால் அது முதல் படையெடுப்புக் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டில்லி ராஜகுமாரி பெருமாள்மேல் ஆசைப்பட்டுப் பின்னாலேயே வந்த கதையும் அங்கேதான். அவள்தான் துலுக்க நாச்சியார், இன்றும் சந்நிதி உண்டு, அவள் முறைக்குப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுதுசெய்விப்பார்கள். இரண்டு விபத்தின் லாகும் ஒரே கோப்பில் கலந்துவிட்டது, நேரமுத்திரை கிடையாது. வரலாற்றாசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது திங்கட்கிழமை. கடிகாரங்களை நம்பாதே, எந்தச் செய்தி எதற்கு முன்னால் புறப்பட்டது என்பதை மட்டும் பிடி என்று லாம்போர்ட் 1978-ல் எழுதியதே இந்தத் தலைவலிக்குத்தான். பெரியப்பா கட்சி வேறு. 1939-ல் திருச்சி வானொலி வந்தபிறகு ஊர்க் கடிகாரம் எல்லாம் ரேடியோவின் 'பீப்' சத்தத்துக்குத் திருகிவைக்கப்பட்டு ஒன்றாகிவிட்டதாம், அதற்கு முன் அவரவர் வீட்டுக்கு அவரவர் மணியாம்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன், ஆன்கால் முறை என் தலையில் இருக்கும்போதே. பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் உட்காருவார். உத்திரத்தன்று திரும்பி ரங்கநாயகித் தாயார் சந்நிதிக்கு வருவார். தாயார் சும்மா விடுவாளா? கதவு சாத்தப்படும். எங்கே போனீர், மோதிரம் எங்கே, உடம்பில் இதென்ன அடையாளம் என்று உள்ளே இருந்து கேள்வி. வெளியே இருந்து பதில். மறுபடி கதவு சாத்தல். வாழை மட்டையும் பூவும் வந்து விழும். மட்டையடி என்று பெயர். நெட்ஃப்ளிக்ஸ்காரர்கள் ஓடுகிற சர்வர்களை வேண்டுமென்றே தட்டி விழவைத்து ஒத்திகை பார்க்க ஒரு குரங்கு மென்பொருள் செய்து வைத்துக்கொண்டு 2011-ல் அதைப் பெருமையாக அறிவித்தார்கள். இங்கே வருஷா வருஷம் பங்குனியில் கேபிளைத் தாங்களே வெட்டிப் பார்க்கிறார்கள்.

பெருமாளை ஸ்ரீபாதம் தாங்கிகள் முன்னால் கொண்டுபோவதும், மட்டை விழ, பின்னால் இழுப்பதுமாகக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு வாழைமட்டைத் துண்டு வந்து விழுந்தது, ஈரமாக. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு சர்வருக்கு இடையே பேச்சு நின்றுபோய்விட்டதாம், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கிறதாம், என்ன செய்ய என்று கேட்டு ஒரு பையன். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடப் பார்த்தேன். பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"மூணாவதா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேள்னியே, அது என்ன பண்றது?"

"அது முழிச்சுண்டுதான் இருக்கு. ஓட்டுப் போட ஒரு நிமிஷம் ஆகும்."

"அப்ப நில்லு" என்றார் பெரியப்பா, மண்டப மூலையில் தீவட்டி வெளிச்சம் நகர்ந்து வருவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே. "நம்மாழ்வார் சமாதானத்துக்கு வந்துண்டிருக்கார்."